போயிங் 737 எரிபொருள் பேனல்: இடமும் வலமும் சமமாக நிற்க எவ்வளவு உதவுகிறது?

போயிங் 737 என்ஜி (நெக்ஸ்ட் ஜெனரேஷன்) வரிசை விமானங்களில் வலது இறக்கையின் முன்விளிம்புக்கு அடியில், இரண்டாம் எஞ்சினுக்கு வெளிப்புறமாக ஒரு சிறிய கதவு இருக்கும். திறந்தால் எரிபொருள் நிரப்பும் பி15 பேனல். மூன்று டேங்குகளுக்கு மூன்று கேஜ் (அளவுகாட்டி), மூன்று வால்வு சுவிட்ச், மூன்று நீல விளக்கு, கேஜைச் சோதிக்க ஒரு சுவிட்ச், பக்கத்திலேயே ஹோஸ் மாட்டும் வாய். அவ்வளவுதான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு இந்தப் பேனல் வழியாகத்தான் தினமும் எரிபொருள் ஏறுகிறது. இதை ஒரே ஒரு கேள்வியோடு மதிப்பிடுகிறோம்: தரையில் ஒருவர் கை தவறினால், இடது டேங்கிலும் வலது டேங்கிலும் அளவு வேறுபட்டு விமானம் மேலே போய்விடாமல் இந்தப் பேனல் தடுக்குமா?

முழுக்க நிரப்பும்போது தடுக்கும். அரைகுறையாக நிரப்பும்போது தடுக்காது. பலரும் கவனிக்காமல் விடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

டேங்க் கொள்ளளவிலிருந்தே தொடங்கலாம். இடது இறக்கையில் ஒன்றாம் டேங்க், வலதில் இரண்டாம் டேங்க், ஒவ்வொன்றும் சுமார் 4,876 லிட்டர். நடு டேங்க் சுமார் 16,273 லிட்டர். அடர்த்தி லிட்டருக்கு 0.79 கிலோ என்று வைத்தால் இறக்கை டேங்க் ஒன்றுக்கு ஏறக்குறைய 3,850 கிலோ பிடிக்கும். நடு டேங்கில் 453 கிலோவுக்கு மேல் இருந்தால் இறக்கை டேங்குகள் இரண்டும் நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்றும்போது ஒன்றும் இரண்டும் விளிம்பு வரை போகும், நிரம்பியதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும், நீல விளக்கு அணையும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்கும். நிரப்புபவர் கவனக்குறைவாக இருந்தாலும் பக்கச்சாய்வு வர வழியில்லை.

குறுந்தூரப் பயணம் வேறு கதை. மொத்தத் தேவை 6,800 கிலோ என்றால் ஒவ்வொரு இறக்கைக்கும் 3,400. நிரம்பும் எல்லைக்குக் கீழே இருப்பதால் தானியங்கி நிறுத்தம் வேலைக்கு வராது. கேஜைப் பார்த்துக்கொண்டே நின்று, எண் வந்ததும் சுவிட்சை மூட வேண்டியது மனிதக் கை. நிமிடத்துக்கு 1,000 லிட்டர் ஓடுகிறது என்று வைத்தால் நொடிக்கு 13 கிலோவுக்கு மேல் உள்ளே போகிறது. ஐந்து நொடி பராக்குப் பார்த்தால் 66 கிலோ. சுவிட்சை மூடிய கணத்திலேயே ஓட்டமும் நின்றுவிடாது, வால்வு மூடிக்கொள்ளச் சில நொடிகள் பிடிக்கும். ஒன்றை மூடியதும் ஓட்டம் முழுவதும் மற்றதற்குத் திரும்பும், அது இன்னும் வேகமாக ஏறும். இரண்டு டேங்கும் ஒரே வேகத்தில் நிரம்பும் என்று நம்பி ஒரு கேஜை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய தவறு.

விரும்பிய எடையை முன்கூட்டியே குறித்துவைத்தால் தானாக நிறுத்தும் கேஜ்கள் 737-க்கு விருப்பத் தேர்வாக உண்டு. குறுந்தூரச் சேவைக்கு விமானம் வாங்குபவர்கள் அந்தத் தேர்வை விடவே கூடாது என்பது எங்கள் கருத்து. பாதி டேங்கில் ஓடும் விமானத்துக்குத்தான் அது அதிகம் தேவைப்படும்.

நீல விளக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வால்வைத் திறக்கச் சொல்லி மின்சாரம் போகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. வால்வு உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது என்பதை அது சொல்லாது. விளக்கு அணைந்தும் கேஜில் எண் ஏறிக்கொண்டே இருந்தால் வால்வு சிக்கியிருக்கிறது என்று பொருள். கடைசி சுவிட்சை மூடிய பிறகும் அரை நிமிடம் கேஜைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்வது இதற்காகத்தான். எந்த டேங்கிலும் எண் அசையக்கூடாது.

இடம், வலம் என்ற பேச்சையும் பேனல் அருகே தவிர்ப்பது நல்லது. இறக்கையின் முன்னால் நின்று வால்பக்கம் பார்க்கும் ஆளுக்கு விமானத்தின் இடது இறக்கை வலது கைப்பக்கம் இருக்கும். காக்பிட்டில் மூக்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவர் "இடதில் இன்னும் இருநூறு போடுங்கள்" என்றால் தவறான டேங்கில் போக நல்ல வாய்ப்பு உண்டு. ஒன்றாம் டேங்க், இரண்டாம் டேங்க் என்றே பேச வேண்டும். பேனலில் எண் எழுதியிருப்பதால் இந்த விஷயத்தில் வடிவமைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி கணக்கு. வந்திறங்கிய விமானத்தில் ஒன்றில் 1,450 கிலோ, இரண்டில் 1,610 கிலோ இருக்கிறது என்று கொள்வோம். இந்த 160 கிலோ வித்தியாசம் அடிக்கடி வருவதுதான். தரையில் ஏபியு (நிற்கும் விமானத்துக்கு மின்சாரமும் காற்றும் தரும் சிறு எஞ்சின்) ஓடும்போது அது ஒன்றாம் டேங்கிலிருந்தே எரிபொருள் எடுக்கும், மணிக்கு ஏறக்குறைய 100 கிலோ. நீண்ட நேரம் நின்றால் ஒன்றில் குறைந்துகொண்டே போகும். நடு டேங்கில் எரிபொருள் இருந்தால் அதன் இடது பம்பைப் போட்டு இதைத் தவிர்க்கலாம், குறுந்தூரச் சேவையில் பெரும்பாலும் நடு டேங்க் காலியாகவே இருக்கும். இப்போது ஒவ்வொன்றிலும் 3,400 வேண்டும். ஒன்றுக்கு 1,950, இரண்டுக்கு 1,790, ஆக மொத்தம் 3,740 கிலோ. அடர்த்தி 0.790 என்றால் 4,734 லிட்டர். மொத்தத்தைச் சரிபாதியாக்கி 1,870, 1,870 என்று போட்டால் பழைய 160 அப்படியே தங்கிவிடும். 160 கிலோ வரம்புக்குள்தான் இருக்கிறது. அடுத்த நிறுத்தத்திலும் இதையே செய்து, ஏபியுவும் ஓடினால் அது கூடிக்கொண்டே வரும். இறுதியில் இருக்க வேண்டிய எண்ணை நோக்கி நிரப்ப வேண்டும், ஏற்ற வேண்டிய அளவைப் பங்கு போடக்கூடாது.

இன்னும் மோசமான வகை ஒன்று உண்டு. இரண்டாம் டேங்கின் வால்வை மூடத் தாமதமாகி அது 3,750-க்குப் போய்விட்டது. நிரப்புபவர் பதறி, மொத்தம் 6,800-ஐத் தாண்டக்கூடாது என்று ஒன்றாம் டேங்கை 3,050-இல் நிறுத்திவிடுகிறார். மொத்தம் கச்சிதம். எரிபொருள் வண்டியின் மீட்டரில் அதே 4,734 லிட்டர். எரிபொருள் சீட்டில் எழுதிய எண் சரி, அடர்த்திக் கணக்கு சரி, காக்பிட்டில் மொத்தமும் சரி. ஆனால் வித்தியாசம் 700 கிலோ, 737-இன் வரம்பு 453 கிலோ. திட்டமிடும்போதே பூஜ்ஜியமாக இருக்க வேண்டும், எதேச்சையாக வருவது மட்டும் 453 வரை ஏற்கப்படும், அது டாக்சி (தரையில் ஓட்டிச் செல்வது), டேக்ஆஃப், பறத்தல், இறங்குதல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எரிபொருள் சேவையில் நாம் பெரிதாக நம்பியிருக்கும் லிட்டர்–கிலோ ஒப்பீட்டின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. மீட்டர் காட்டும் லிட்டரை அடர்த்தியால் பெருக்கி, கேஜ்களில் ஏறிய கிலோவோடு ஒத்துப்பார்ப்பதுதான் அந்த ஒப்பீடு. அது மொத்தத்தை மட்டுமே சரிபார்க்கிறது. ஒரு பக்கம் கூடி மறுபக்கம் அதே அளவு குறைந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. அதற்காக அதை அலட்சியம் செய்யலாம் என்று சொல்லவில்லை. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து கிம்லியில் இறங்கியதற்குக் காரணம் இந்தப் பெருக்கலில் நடந்த பிழைதான்: கிலோவுக்கான 0.803-க்குப் பதில் பவுண்டுக்கான 1.77-ஐப் போட்டார்கள். ஜெட் ஏ-1 என்ற விமான எரிபொருளின் அடர்த்தி 15 டிகிரி செல்சியஸில் 0.775 முதல் 0.840 வரை இருக்கலாம், அதனால் அன்றைய சீட்டில் உள்ள அடர்த்தியைத்தான் எடுக்க வேண்டும். மேலே சொன்ன 4,734 லிட்டரையே 0.805 என்று கணக்கிட்டால் 71 கிலோ கூடுதலாக வரும்.

ஒரு கேஜ் பொய் சொன்னால் இந்த ஒப்பீடு அருமையாகப் பிடித்துவிடும். ஒன்றாம் டேங்க் கேஜ் உண்மையைவிட 500 கிலோ குறைத்துக் காட்டுகிறது என்றால், நிரப்புபவர் அறியாமல் 500 கிலோ அதிகம் போடுவார். அப்போது மீட்டர் சுமார் 633 லிட்டர் கூடுதல் காட்டும். அதை "அடர்த்தி வித்தியாசம்" என்று ஒதுக்கிவிட்டால் அடுத்து எந்தக் கருவியும் சொல்லாது. காக்பிட்டிலும் இரண்டு எண்ணும் சமமாகவே தெரியும். விமானம் ஒரு பக்கம் சாய்வதும், நேராக வைக்க ஐலரான் டிரிம் (இறக்கைப் பின்விளிம்பில் உள்ள பலகைகளைச் சற்றுத் திருப்பி வைப்பது) தேவைப்படுவதும்தான் அறிகுறி. சந்தேகம் வந்தால் இறக்கைக்கு அடியில் உள்ள அளவுக்குச்சிகளை இறக்கிப் பார்க்க வேண்டும். விமானத்தின் சாய்வைக் குறித்துக்கொண்டு, அட்டவணையில் அந்தச் சாய்வுக்கான பக்கத்தை எடுத்து, குச்சி காட்டும் எண்ணை எடையாக்க வேண்டும். சரிவான தளத்தில் நின்றுகொண்டு சமதளப் பக்கத்தைப் படித்தால் அந்த உழைப்பெல்லாம் வீண்.

பேனலுக்கு அருகிலேயே, இரண்டாம் எஞ்சினுக்கு வெளிப்புறத்தில், கையால் திருப்பும் டீஃபியூல் வால்வு இருக்கிறது. எஞ்சினுக்குப் போகும் குழாயையும் எரிபொருள் நிரப்பும் குழாயையும் இணைப்பது அதன் வேலை. டேங்கிலிருந்து வெளியே எடுக்கவும், ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் உதவும். மேலே சொன்ன 700 கிலோ வித்தியாசத்தைத் தரையில் சரிசெய்ய இதுதான் வழி. இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாற்ற: டீஃபியூல் வால்வைத் திறந்து, பேனலில் ஒன்றாம் டேங்க் ஃபியூலிங் வால்வை (நிரப்பும் வால்வை) மட்டும் திறந்து, காக்பிட்டில் இரண்டாம் டேங்க் பம்புகளைப் போட வேண்டும். எதிர்த்திசையில் மாற்றும்போது கிராஸ்ஃபீடையும் (இடது, வலது எஞ்சின் குழாய்களை இணைக்கும் வால்வு) திறக்க வேண்டும், ஏனென்றால் டீஃபியூல் வால்வு வலப்பக்கக் குழாயோடுதான் இணைந்திருக்கிறது. 700 வித்தியாசத்துக்கு 350 கிலோ மாற்றினால் போதும். இதை மறந்து 700-ஐயும் மாற்றினால் சாய்வு மறுபக்கம் போகும்.

பயனுள்ள வசதி, ஆனால் எங்களுக்கு மிகவும் கவலை தருவதும் இதுவே. வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டியவை மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன: இறக்கைக்கு அடியில் டீஃபியூல் வால்வு, பேனலில் ஃபியூலிங் வால்வு, காக்பிட்டில் பம்பும் கிராஸ்ஃபீடும். பெரும்பாலும் கீழே ஒருவர், மேலே ஒருவர். ஷிப்ட் மாறும் நேரமென்றால் கேட்கவே வேண்டாம். டீஃபியூல் வால்வு மட்டும் திறந்தே இருந்தால் உடனே ஒன்றும் ஆகிவிடாது, ஃபியூலிங் வால்வுகள் மூடியிருப்பதால் எரிபொருள் போக இடமில்லை. ஆனால் அந்த வால்வுகளில் ஒன்று சிக்கியிருந்தாலோ சரியாக உட்காராமல் கசிந்தாலோ, எஞ்சினுக்குப் போக வேண்டிய அழுத்தம் அந்த வழியே ஒரு டேங்கை நிரப்பத் தொடங்கும். மின்சாரம் இல்லாதபோது ஃபியூலிங் வால்வைக் கையால் அழுத்தித் திறக்கும் வசதியும் உண்டு. அதைப் பயன்படுத்திய பிறகு வால்வு முழுக்க மூடியதா என்று கேஜை வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும். ஒரு தவறு தனியாக இருந்தால் விமானம் தாங்கிக்கொள்ளும், இரண்டு சேர்ந்தால் தாங்காது. முதல் தவறைப் பதிவேட்டில் எழுதி மூடாமல் விடுவதுதான் இரண்டாவதற்கு வழிவிடுகிறது. டீஃபியூல் வால்வைத் தொட்டால், தொட்ட உடனே தொழில்நுட்பப் பதிவேட்டில் ஒரு வரி திறக்க வேண்டும். வேலை முடிந்த பின் எழுதிக்கொள்ளலாம் என்பது சரிப்படாது.

காக்பிட்டில் எச்சரிக்கை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் 453 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேஜுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் எழுத்து வரும், வித்தியாசம் 91 கிலோவுக்குள் இறங்கும் வரை போகாது. ஆனால் விமானம் தரையில் நிற்கும்போது அந்த எச்சரிக்கை முடக்கப்பட்டிருக்கும். நிரப்பும்போது வித்தியாசம் வந்து போவது இயல்பு என்பதால் முடக்கியது புரிகிறது. அதன் விளைவு என்னவென்றால், தவறு நடக்கும் இடத்தில் எச்சரிக்கை மௌனமாக இருந்து, சக்கரம் தரையை விட்ட பிறகு பேசத் தொடங்குகிறது. இதை ஒரு குறையாகவே எண்ணுகிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும்படி செய்திருந்தால் பல விமானங்கள் டாக்சிவேயிலிருந்தே திரும்பியிருக்கும்.

ஏர்பஸ் ஏ320 பேனலோடு ஒப்பிட்டால் தத்துவமே வேறு என்பது தெரியும். அதில் வேண்டிய மொத்த எடையைக் குறித்தால் போதும். எந்த டேங்குக்கு எவ்வளவு என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். முதலில் இறக்கையின் வெளி அறை, அது நிரம்பி வழிந்து உள் அறை. முடிந்ததும் பச்சை விளக்கு நிலையாக எரியும். இடையில் தடைபட்டு நின்றால் அதே விளக்கு விட்டுவிட்டு எரியும். பேனல் கதவு திறந்திருந்தால் காக்பிட் திரையில் எரிபொருள் நிரப்பும் குறிப்பு தெரியும், 737-இல் அப்படி ஒன்று இல்லை. பாதி டேங்கில் ஓடும் சேவைக்கு ஏ320 பேனல் தெளிவாகவே மேல். மனிதக் கை பங்கு போடும் வேலையே அதில் இல்லை.

அதற்காக அதற்கு முழு மதிப்பெண்ணும் கொடுக்க முடியாது. விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டு எரிகிறதா என்பதை வெயிலில் ஒரு பார்வையில் பிரித்தறிவது கடினம். தானியங்கி நின்றுபோனால் காவல்மூடியைத் தூக்கி வால்வுகளைக் கைமுறைக்கு மாற்றுவார்கள். அந்த நிமிடத்தில் அது 737-ஐப் போலவே ஆகிவிடும், ஆனால் பழக்கம் இல்லாத கை. பிறகு மூன்று வால்வு சுவிட்சையும் இயல்பு நிலைக்குத் திருப்பி, காவல்மூடியை இறக்க வேண்டும். அழுத்தமும் வேறு: 737-க்கு அதிகபட்சம் 55 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), ஏ320-க்கு 50. இரண்டு வகை விமானத்துக்கும் மாறி மாறிப் போகும் வண்டிக்காரர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

சரி, தவறு தப்பி மேலே போய்விட்டது. 737-800 பயண உயரத்தில் மணிக்குச் சுமார் 2,400 கிலோ எரிக்கும். கிராஸ்ஃபீடைத் திறந்து, குறைவாக உள்ள டேங்கின் பம்புகளை அணைத்தால் இரண்டு எஞ்சினும் நிறைந்த டேங்கிலிருந்தே குடிக்கும். 700 கிலோ வித்தியாசம் பதினேழு பதினெட்டு நிமிடத்தில் சமமாகிவிடும். சுலபமான வேலைதான். அந்தச் சுலபத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது.

2001 ஆகஸ்ட் 24 அன்று ஏர் டிரான்சாட் 236, ஒரு ஏ330, அட்லாண்டிக்கின் மேல் இதே நிலையில் இருந்தது. வலது எஞ்சினை மாற்றியபோது ஒன்றுக்கொன்று பொருந்தாத ஹைட்ராலிக் குழாயும் எரிபொருள் குழாயும் பொருத்தப்பட்டு, உரசி உரசி எரிபொருள் குழாய் பிளந்தது. எரிபொருளைப் பற்றி விமானிகளுக்கு வந்தது சமநிலையின்மை எச்சரிக்கைதான். கிராஸ்ஃபீடைத் திறந்தார்கள். நல்ல டேங்கின் எரிபொருளும் உடைந்த குழாய் வழியே கடலுக்குப் போனது. வலது எஞ்சின் நின்றது, பிறகு இடது எஞ்சினும் நின்றது. சுமார் 65 கடல் மைல் மிதந்தே வந்து அசோர்ஸ் தீவுக்கூட்டத்தின் லாஜெஸில் இறக்கினார்கள். 306 பேரும் உயிர் பிழைத்தார்கள். 737-இன் செயல்முறையும் முதலில் கேட்பது கசிவு இருக்கிறதா என்பதைத்தான்.

தரைப்பணி இங்கே விமானிக்கு நேரடியாக உதவ முடியும். புறப்படும்போது ஒன்றில் எவ்வளவு, இரண்டில் எவ்வளவு என்று சீட்டில் தனித்தனியாக எழுதியிருந்தால், அரை மணி நேரம் கழித்து வரும் 500 கிலோ வித்தியாசத்தைப் பார்த்ததும் அவரால் முடிவு சொல்ல முடியும். தொடக்கத்திலேயே 480 இருந்ததென்றால் அது நிரப்பியதில் வந்த சாய்வு, வளராது. தொடக்கத்தில் 20 இருந்து இப்போது 500 என்றால் எங்கோ ஒழுகுகிறது, கிராஸ்ஃபீடைத் தொடக்கூடாது. எரிந்ததையும் மீதியையும் கூட்டி, புறப்படும்போது இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதோடு சேரும். மொத்தம் ஒத்துவந்தால் எரிபொருள் விமானத்துக்குள்ளேயே இருக்கிறது.

பல எரிபொருள் சீட்டுகளில் லிட்டர், அடர்த்தி, மொத்த கிலோ ஆகியவற்றுக்கு மட்டுமே கட்டம் இருக்கும். டேங்க்வாரி அளவுக்கு இடமே இருக்காது. எரிபொருள் சேவையை ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்கள் முதலில் திருத்தச் சொல்ல வேண்டியது அந்தத் தாளைத்தான். நிரப்பும் முன் மூன்று கேஜ், நிரப்பிய பின் மூன்று கேஜ், ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், டீஃபியூல் வால்வு தொடப்பட்டதா இல்லையா. இத்தனைக்கும் கட்டம் போட்டுவிட்டு, பேனல் கதவை மூடுவதற்கு முன்பே அவற்றை எழுதச் சொல்ல வேண்டும். கதவை மூடிவிட்டால் அந்த எண்களைக் கீழே நிற்பவர் மீண்டும் பார்க்க முடியாது.